தட்டிப் பார்த்து வாங்கணும்

வணக்கம் மக்களே. பின்னால் டொக் டொக் என்று கேட்கிறது அல்லவா? காருகுறிச்சியில் நிற்கிறேன். அண்ணாச்சி ஒருவர் பானையின் அடியைப் பலகையால் தட்டித் தட்டி மூடிக்கொண்டிருக்கிறார். நாகசுரத்துக்குப் பேர் போன அதே காருகுறிச்சிதான். இந்த ஊரில் மண்ணும் பாடும்.

2025 பொங்கலுக்கு, அதாவது ஜனவரி 14-க்கு, டவுனில் அவசரமாக ஒரு பானை வாங்கினேன். கடை எது என்று கேட்காதீர்கள். தட்டிப் பார்க்காமல் வாங்கியது என் தப்புதான். விடியக்காலையில் வாசலில் பொங்கல்கட்டி மேல் ஏற்றி, பனையோலையைக் கொளுத்தி, பாலை ஊற்றுகிறேன். அடுப்பு உஸ்ஸென்று அணைகிறது. அடியில் மயிரிழை விரிசல். ஆச்சி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அதனால் இந்தத் தடவை சூளைக்கே வந்துவிட்டேன். நடுவிரலை மடக்கி ஒரு தட்டு. நல்ல பானை 'ணங்'கென்று இழுத்து அடங்கும். விரிசல் விட்டது 'டப்'பென்று செத்துப்போகும். பெரிய பானைக்குக் கனத்த குரல், சின்ன கலயத்துக்குக் கீச்சுக்குரல். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இப்படிக் கருந்துளையையே தட்டிப் பார்த்த ஒரு மனுஷர் இருந்தார். சி. வி. விஷ்வேஷ்வரா. 1938-ல் பெங்களூரில் பிறந்தவர், நண்பர்களுக்கு விஷு. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அவர் தொடங்கிய காலத்தில் கருந்துளை என்ற பெயரே புழக்கத்துக்கு வரவில்லை. அப்படி ஒன்று வானத்தில் இருக்கிறதா என்பதே சந்தேகம். அவர் முதலில் கேட்டது ஆச்சி கேட்கிற கேள்விதான்: இதைக் கொஞ்சம் அசைத்தால் தாங்குமா, சிதறிப்போகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தார். தாங்கும் என்று வந்தது.

சரி, தாங்குகிறது. அப்புறம் அது அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒளிகூட வெளியே வராத பொருள் ஆயிற்றே. தட்டித்தான் பார்க்க வேண்டும். ஈர்ப்பலையை, அதாவது இடத்தையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு போகிற அலையை, ஒரு கொத்தாக்கி, கணக்கிலேயே, கருந்துளை மேல் எறிந்தார். அகலமான அலையை விட்டபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குறுக்கிக்கொண்டே போனார். அலையின் அகலம் கருந்துளையின் அளவுக்கு வந்ததும் அது 'ணங்'கென்று அதிர்ந்து அடங்கியது. இதோ பாருங்கள், இந்தப் பானை மேல் நாள் முழுக்கக் காற்று அடிக்கிறது, சத்தமே இல்லை. விரலால் ஒரு சுண்டு, பேசுகிறது. எனக்கு விஷயம் பிடிபட்டதே இங்கே நின்றபோதுதான்.

எதை எறிந்தாலும் அது அடங்குகிற குரல் மாறாது. கருந்துளையின் நிறையும் சுழற்சியும்தான் அந்தக் குரலைத் தீர்மானிக்கின்றன. நிறை கூடினால் குரல் கனக்கும். சுழலாத கருந்துளையை வைத்து விஷு போட்ட கணக்கை 1970-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 32.

பிறகு ஊருக்குத் திரும்பி ராமன் ஆய்வு நிறுவனத்திலும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். பெங்களூர் நேரு கோளரங்கத்தை முதல் இயக்குநராக இருந்து உருவாக்கியவரும் அவர்தான். கார்ட்டூன் வேறு வரைவார். ஈர்ப்பைக் கிண்டலடித்துப் படம் போடுகிற இயற்பியலாளரை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

45 வருஷம் கழித்து, 2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி மதியம் 3.20. அமெரிக்காவில் ஈர்ப்பலையைப் பிடிக்கவே கட்டியிருக்கிற இரண்டு லைகோ கருவிகளிலும் ஓர் அதிர்வு பதிவானது. கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். அதில் மாறியது, அணுவுக்குள் இருக்கிற ஒரு புரோட்டானின் குறுக்களவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகிவிட்டன. கூட்டினால் 65 வர வேண்டும், வந்தது 62. மிச்சம் 3 சூரியன் அலையாகவே போய்விட்டது. ஒன்றான பிறகு அந்தப் புதுப்பானை ஒரு நொடியில் சுமார் 250 தடவை வீதம் அதிர்ந்து, சில மில்லி நொடிகளில் அடங்கியது. விண்வெளியில் காற்று கிடையாது, அதனால் இது காதில் கேட்கிற சத்தம் இல்லை, இடமே நீண்டு சுருங்குவது. ஆனால் அந்த அதிர்வெண்ணை ஸ்பீக்கரில் போட்டால் நம் காது பிடிக்கும்.

2016 பிப்ரவரியில் இதை அறிவித்தார்கள். விஷு உயிரோடு இருந்தார், 77 வயது. அடுத்த வருஷம் ஜனவரி 16-ல் காலமானார். அதே 2017 அக்டோபரில் லைகோவுக்காக வைஸ், பாரிஷ், தோர்ன் மூவருக்கும் நோபல். அவர்கள் தகுதியானவர்கள், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் பானையைத் தட்டச் சொன்னவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

இன்னொன்று சொல்லாமல் போனால் தூக்கம் வராது. இதுவரை கிடைத்ததிலேயே மிகத் தெளிவான கருந்துளை அதிர்வு எது தெரியுமா? முதலில் வந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தெளிவு. மூலக்குரலோடு துணைக்குரலும் பிரித்துக் கேட்கிற அளவுக்குச் சுத்தம். அது பதிவான நாள் 2025 ஜனவரி 14, நம் நேரப்படி மதியம் 1.52. இங்கே என் பானை ஒழுகி, வேறு பாத்திரத்தில் பொங்கி, சாப்பிட்டு, ஆச்சி என்னோடு பேசாமல் படுத்துக் கிடந்த நேரம்.

அண்ணாச்சி, இது எவ்வளவு? இல்லை, பக்கத்தில் இருக்கிறதே, அது. இருங்கள், மைக்கைக் கிட்டே வைத்து ஒரு தட்டு தட்டிக்கொள்கிறேன்.