மனச்சோர்வு தீர்ந்த பிறகும் மறதியைக் கவனியுங்கள்

பெரியோர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

காலைப் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்த பெரியவர் அவர். ஆறு மாதமாகப் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. காபி ஆறி ஆடை கட்டுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "வயிறு சரியில்ல, உடம்பு அசதியா இருக்கு" என்பார். அழமாட்டார், மனசு சரியில்லை என்றும் சொல்லமாட்டார். நாமும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். முதியோரின் மனச்சோர்வு ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடப்பது இந்தப் பேச்சுக்குப் பின்னால்தான்.

இதற்கும் டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கும் என்ன உறவு? வடக்குக் கலிஃபோர்னியாவில் 13,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நடுவயதில் மட்டும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட டிமென்ஷியா வரும் அபாயம் சுமார் 20 சதவீதம் கூடுதல். முதுமையில் மட்டும் இருந்தவர்களுக்கு 70 சதவீதம், இரு காலத்திலும் இருந்தவர்களுக்கு 80 சதவீதம். பிரிட்டிஷ் அரசு ஊழியர் பத்தாயிரம் பேரை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு, 2017-இல் வேறொன்றைக் காட்டியது. டிமென்ஷியா வந்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிடக் கூடத் தொடங்கியது, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் பத்தாண்டு முன்புதான்.

ஆகவே பலருக்கு மனச்சோர்வு, மூளையில் ஓசையில்லாமல் தொடங்கிவிட்ட நோயின் முதல் குரலாக இருக்கலாம். சிலருக்கு அதுவே காரணங்களில் ஒன்றாகவும் இருக்கலாம்: நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பாதிக்கிறது. பல வருட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண் ரத்தக் குழாய்களைக் கெடுத்தால், மனச்சோர்வு, மறதி இரண்டுமே அதிலிருந்து கிளைக்கலாம். எந்த வழியானாலும் ஒன்று சொல்வேன். அறுபது வயதுக்குமேல் முதல்முறையாக வரும் மனச்சோர்வை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சின்னக் காட்சி. "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். மனச்சோர்வில் இருப்பவர், "தெரியல டாக்டர், எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கிறதில்ல" என்று தானே குறைப்பட்டுக்கொள்வார். நேரம் கொடுத்து மெதுவாகக் கேட்டால் இட்லி என்று வந்துவிடும். டிமென்ஷியா உள்ளவர் மனைவி பக்கம் தலையைத் திருப்புவார், அல்லது "எப்பவும் சாப்பிடுறதுதான்" என்று சமாளிப்பார். இது ஒரு தடயம், அவ்வளவுதான். இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய 15 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் மதிப்பெண் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சோடியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்.

சிகிச்சைக்கு வருவோம். எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை வயதானவர்களுக்குக் குறைந்த அளவில், பெரும்பாலும் முறையே 5, 25 மில்லிகிராமில், தொடங்குவார்கள். பலன் முழுதாகத் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர வேண்டும்.

ஒரு ஆபத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரைகள் சில முதியோருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆள் தடுமாறுவார், தூங்கிக்கொண்டே இருப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார். வீட்டில் உள்ளவர்கள் மறதி நோய் வந்துவிட்டது என்று கலங்கிப்போவார்கள். தொடங்கிய இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒரு சோடியம் டெஸ்ட் எடுத்தால் இது பிடிபடும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கும், கீழே விழவைக்கும். ஆனால் வருடக்கணக்கில் போட்டதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை அலுப்பாகக் கொள்ளாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கெட்டாமல் இருக்கட்டும். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 இரவிலும் இயங்கும், தமிழில் பேசலாம்.

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டால் டிமென்ஷியா வராது என்று உறுதி சொல்ல இன்று ஆதாரம் இல்லை. ஆனாலும் சிகிச்சை வேண்டும், அந்தத் துன்பமே போதுமான காரணம். 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். மனச்சோர்வோடு வந்த மறதி சிகிச்சையில் சரியாகிவிட்ட முதியோரில் 43 சதவீதம் பேருக்கு, சுமார் மூன்றாண்டுகளில் மீளாத டிமென்ஷியா வந்தது. மறதியில்லாமல் மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களில் அது 12 சதவீதம். 57 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டும் திசையை அலட்சியம் செய்ய முடியாது. அம்மா பழையபடி சிரிக்கிறார், பேப்பர் படிக்கிறார் என்றதும் நாம் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. மனம் தெளிந்ததும் ஒரு நினைவாற்றல் பரிசோதனை செய்து, மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பிறகு ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனை. பென்ஷன் புத்தகத்தோடு அந்தச் சீட்டையும் வையுங்கள், "முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.