நைஜீரியாக்காரங்களும் சோமாலியாக்காரங்களும்: வந்த வழிதான் வரவு செலவை எழுதுச்சு

நேயர்களுக்கு வணக்கம். பேசக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நான் இப்போ மினியாபொலிஸ்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி சில வருஷம் ஹூஸ்டன்ல இருந்தேன். ரெண்டு ஊர்லயும் வரி சீசன் வந்தா, வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு இலவசமா டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற இடத்துல வாலண்டியரா போய் உட்காருவேன். ஹூஸ்டன்ல எதிர்ல வந்து உட்கார்ந்தவங்கள்ல நிறைய பேர் நைஜீரியாக்காரங்க, இங்க மினியாபொலிஸ்ல நிறைய பேர் சோமாலியாக்காரங்க. அமெரிக்காவுல இருக்கிற இந்த ரெண்டு சமூகத்தோட பொருளாதாரத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஏன் இதை எடுத்தேன்னா, நம்ம ஆளுங்க வீட்டு விசேஷத்துல, வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரு பேச்சு அடிக்கடி காதுல விழுது. "நைஜீரியாக்காரங்க நல்லா படிப்பாங்க, டாக்டர் நர்ஸுன்னு முன்னுக்கு வந்துட்டாங்க, இந்த சோமாலிங்க மட்டும் கவர்மென்ட் காசுல உட்கார்ந்து சாப்பிடறாங்க"ன்னு. இந்தப் பேச்சு எனக்கு சுத்தமா பிடிக்கல. பிடிக்கலைங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், அது கணக்காவே தப்பு.

முதல்ல நம்பரை சொல்லிடறேன், அதை மறைக்க வேண்டியதில்ல. அமெரிக்காவுல இருக்கிற நைஜீரியாவுல பொறந்த பெரியவங்கள்ல பத்துக்கு ஆறு பேர் டிகிரி முடிச்சவங்க, அமெரிக்கா மொத்தத்துக்கும் எடுத்தா மூணு பேருக்கு ஒருத்தர்தான். மைக்ரேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட் 2015ல போட்ட கணக்குப்படி நைஜீரியக் குடும்பங்களோட நடு வருமானம் வருஷத்துக்கு 52,000 டாலர், நாட்டோட நடு வருமானத்தை விட 2,000 டாலர் கூட. இந்தப் பக்கம் மின்னசோட்டா மாநிலத்தோட மக்கள்தொகை மையம் 2016ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, அதுல சோமாலிக் குடும்பத்தோட நடு வருமானம் சுமார் 18,000 டாலர், பாதிக்கு மேல ஆளுங்க வறுமைக் கோட்டுக்குக் கீழ. அதுக்கப்புறம் மெதுவா ஏறிட்டுதான் இருக்கு, ஆனா இடைவெளி இன்னும் பெருசுதான்.

இந்த நம்பரை மட்டும் பார்த்துட்டு எழுந்து போயிட்டா மேல சொன்ன மாதிரிதான் பேசத் தோணும். யார் எப்போ, எப்படி, கையில என்ன வச்சுக்கிட்டு வந்தாங்கன்னு பார்க்கணும் இல்லையா.

நைஜீரியாவுல 1970கள்ல எண்ணெய்க் காசு கொட்டுச்சு. அரசாங்கமே ஸ்காலர்ஷிப் கொடுத்து பசங்களை வெளிநாட்டுக்கு அனுப்புச்சு. பெட்ரோலியம் படிக்கணும்னா டெக்சாஸை விட்டா எது, அதனால ஹூஸ்டனுக்கு வந்தாங்க, டெக்சாஸ் சதர்ன் யூனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல சேர்ந்தாங்க. அப்போ அவங்க ஊர்க் காசு ஒரு நைரா கொடுத்தா ஒரு டாலருக்கு மேலயே கிடைக்கும், இன்னைக்கு சொன்னா நம்ப மாட்டீங்க. படிச்சு முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பணும்னுதான் வந்தாங்க, ஆனா 80கள்ல எண்ணெய் விலை விழுந்துச்சு, 1986ல பாபாங்கிடாங்கிற ராணுவத் தளபதியோட ஆட்சியில பொருளாதாரத்தை மாத்தி அமைக்கிறோம்னு ஆரம்பிச்ச உடனே நைரா சரசரன்னு இறங்கிடுச்சு, ஊருக்குப் போனா வேலை இல்ல, வேலை இருந்தாலும் சம்பளத்துல ஒண்ணும் நிக்காதுங்கிற நிலைமை, அதனால டிகிரியோட இங்கயே வேலை தேடி கிரீன் கார்டு வாங்கி உட்கார்ந்துட்டாங்க. பின்னாடி 1990 சட்டத்துல வந்த, குலுக்கல்ல கிரீன் கார்டு கொடுக்கிற விசா லாட்டரியிலயும் நிறைய நைஜீரியாக்காரங்க வந்தாங்க, அதுக்கும் குறைஞ்சது பள்ளிப் படிப்பு முடிச்சிருக்கணும், இல்லன்னா பயிற்சி தேவைப்படற வேலையில ரெண்டு வருஷ அனுபவம் இருக்கணும், ஃபீஸ் கட்ட, டிக்கெட் வாங்க கையில காசு வேணும். அதாவது இங்க வந்து இறங்கினது ஒட்டுமொத்த நைஜீரியா இல்ல. சலிச்சு எடுத்து அனுப்பின ஒரு பகுதிதான்.

சோமாலியா கதை வேற. 1991 ஜனவரியில அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரே தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடினாரு, அரசாங்கம்னு ஒண்ணே இல்லாம போச்சு, ஸ்கூலெல்லாம் மூடிட்டாங்க. சனங்க எல்லை தாண்டி கென்யாவுக்குப் போனாங்க, தடாப்னு பாலைவனத்து நடுவுல முகாம் போட்டாங்க. பத்து வருஷம் பதினைஞ்சு வருஷம் அங்கயே கிடந்தவங்க இருக்காங்க, அங்கயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்களும் உண்டு. அகதியா அமெரிக்காவுக்கு எடுத்துக்கிட்டப்போ யாரும் சர்டிபிகேட் கேட்கல, கேட்கவும் கூடாது, அது உயிரைக் காப்பாத்தற வழி.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. அகதியா வர்றவங்களோட விமான டிக்கெட் இலவசம் இல்ல. அது கடன். ஏறுறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடுவாங்க, வந்து ஆறு மாசத்துல மாசா மாசம் திருப்பிக் கட்ட ஆரம்பிக்கணும். வட்டி கிடையாது, ஆனா அப்பா அம்மா ஆறு பிள்ளைங்கன்னு எட்டு பேர் வந்தா எட்டு டிக்கெட்டும் கடன். இங்கிலீஷ் தெரியாது, குளிருக்கு ஸ்வெட்டர் கூட யாரோ கொடுத்தது, அந்த நிலைமையில வாழ்க்கை கடன்ல ஆரம்பிக்குது. அரசாங்க உதவித் தொகை சில மாசம்தான், அதனால குடியமர்த்தற ஏஜென்சிகாரங்க முதல்ல எந்த வேலை கிடைக்குதோ அதுல சேர்த்து விட்டுடுவாங்க. 90கள்ல மின்னசோட்டாவுக்கு சோமாலிங்க வந்ததுக்கு ஒரு முக்கியக் காரணமே மார்ஷல்னு ஒரு சின்ன ஊர்ல இருந்த வான்கோழி வெட்டற ஆலை. அங்க இங்கிலீஷ் பேச வேண்டியதில்ல, கத்தி பிடிச்சா போதும். அப்படி வந்தவங்க சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு, மெல்ல மினியாபொலிஸ்ல சீடர்-ரிவர்சைட் பக்கம் அந்த உயர உயரமான பில்டிங்ல வந்து சேர்ந்தாங்க.

உட்கார்ந்து சாப்பிடறாங்கன்னு சொல்றவங்க ஒரு நாள் என் பக்கத்து நாற்காலியில வந்து உட்காரணும். ஒரே ஆள் மூணு டபிள்யூ-2, அதாவது வேலை கொடுத்தவங்க தர்ற வருஷ சம்பளக் கணக்குத் தாள், எடுத்து மேஜையில வைப்பாரு. ஒண்ணு ஏர்போர்ட்ல வேலை பார்த்தது, ஒண்ணு ஷகோபி பக்கம் அமேசான் கிடங்கு, இன்னொண்ணு வயசானவங்களை வீட்ல போய் பார்த்துக்கிற வேலை. மூணையும் கூட்டினாலும் ஒரு இன்ஜினியரோட பாதி சம்பளம் வராது. அப்புறம் கேட்பாரு, கென்யாவுல எங்கம்மா இருக்காங்க, தங்கச்சி, தங்கச்சி பிள்ளைங்க எல்லாம் என் காசுலதான் சாப்பிடறாங்க, அவங்களை இதுல எழுதலாமான்னு. முடியாது. அமெரிக்கப் பிரஜையா இருக்கணும், இல்லன்னா அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுல குடியிருக்கணும், அப்பதான் நம்மளை நம்பி இருக்கிறவங்கன்னு ஃபாரம்ல காட்ட முடியும். அவர் மாசா மாசம் அனுப்பற காசு எந்தக் கணக்குலயும் வராது. இதை ஒவ்வொரு தடவையும் நான்தான் அவங்க மூஞ்சியைப் பார்த்து சொல்லணும், மனசு கஷ்டமாதான் இருக்கும்.

நைஜீரியாக்காரங்களும் ஊருக்கு அனுப்பறாங்க, நிறையவே அனுப்பறாங்க, உலகம் முழுக்க இருந்து நைஜீரியாவுக்குப் போற தொகை வருஷத்துக்கு சுமார் 20 பில்லியன் டாலர். ஆனா அவங்க பேங்க் வழியா, ஆப் வழியா அனுப்ப முடியுது, அதுல ஒரு பங்கு ஊர்ல வீடு கட்ட, கடை வைக்க முதலீடாவும் போகுது. சோமாலியாவுக்குப் போறது பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும். அதுலயும் எத்தனை தடை. அங்க ரொம்ப வருஷம் ஒழுங்கான பேங்கே இல்லாததால ஹவாலா கம்பெனிங்கதான், அதாவது பேங்க் இல்லாத ஊருக்கும் பணத்தைக் கொண்டு சேர்க்கிற கம்பெனிங்கதான், வழியா இருந்துச்சு. 2001 நவம்பர்ல, செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம், அல்-பரக்காத்ங்கிற பெரிய கம்பெனியை அமெரிக்கா மூடுச்சு, மினியாபொலிஸ் ஆபீஸ்லயும் ரெய்டு. அப்புறம் 2011 கடைசியில இங்க இந்த ஹவாலா கடைங்களுக்குக் கணக்கு வச்சுக் கொடுத்த சன்ரைஸ் பேங்கும் சட்ட சிக்கல் பயத்துல நிறுத்திடுச்சு, அப்போ சோமாலியாவுல கடுமையான பஞ்சம். பஞ்ச நேரத்துல அம்மாவுக்கு இருநூறு டாலர் அனுப்ப வழி தெரியாம ஒரு ஊரே தவிச்சுது.

அடுத்தது வட்டி. இதை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. அமெரிக்காவுல நடுத்தரக் குடும்பம் சொத்து சேர்க்கிறதே வீட்டுக் கடன் வழியாதான். ஹூஸ்டன் நைஜீரியாக்காரங்க பெரும்பாலும் தெற்கு நைஜீரியாவுலேர்ந்து வந்த இக்போ, யொருபா கிறிஸ்தவங்க, அவங்களுக்கு மார்ட்கேஜ் வாங்கறதுல மனத்தடை எதுவும் இல்ல. இருபது வருஷம் முன்னாடி வாங்கின வீடு இப்போ விலை ஏறி நிக்குது. சோமாலிங்க முஸ்லிம்கள், வட்டி ஹராம்னு உறுதியா நிக்கறவங்க நிறைய, வருமானம் வந்தப்புறமும் வாடகை வீட்லயே இருக்காங்க. ஹுசைன் சமத்தார்னு ஒருத்தர், பேங்க்ல வேலை பார்த்தவர், 2000களோட ஆரம்பத்துல ஆப்ரிக்கன் டெவலப்மென்ட் சென்டர்னு ஒண்ணு தொடங்கி, வட்டிக்குப் பதிலா லாபம் வச்சு விக்கிற முறையில சின்னக் கடைக்காரங்களுக்குப் பணம் கொடுக்க வழி பண்ணினாரு. மினியாபொலிஸ் ஸ்கூல் போர்டுக்கும் ஜெயிச்சாரு, 2013ல காலமாயிட்டாரு. என்னைக் கேட்டா இந்த ஊரோட பொருளாதாரத்துல அவர் செஞ்சது பெரிய வேலை.

மினியாபொலிஸ்ல இருக்கிற சோமாலிக் கடைங்க நிறைஞ்ச கார்மெல் மாலுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. நம்ம ஊர் ஜவுளிக்கடைத் தெருவை அப்படியே ஒரு பில்டிங்குக்குள்ள மடிச்சு வச்ச மாதிரி இருக்கும், பத்துக்குப் பத்து கடையில பெண்கள் துணி, தங்கம், வாசனைப் பொருள்னு வித்துட்டு இருப்பாங்க, பக்கத்துலயே பணம் அனுப்பற கவுன்டர், சாம்பூசான்னு அவங்க சொல்ற சமோசா வாசனை, ஒரு மூலையில கணக்குப் பிள்ளை மாதிரி ஒருத்தர் லேப்டாப்போட. கடை வைக்க முதல் எங்கேர்ந்துன்னு கேட்டா, "ஆயூத்தோ"ன்னு சொல்வாங்க, நம்ம சீட்டு மாதிரிதான். பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து மாசம் இவ்வளவுன்னு போட்டு முறை வச்சு ஒருத்தர் எடுத்துக்கறது, வட்டி இல்ல, தள்ளு இல்ல. ஹூஸ்டன்ல யொருபாக்காரங்க இதையேதான் எசூசுன்னு நடத்தறாங்க. ரெண்டு சமூகத்துலயும் சீட்டு எடுத்து முன்னேறின பெண்கள் நிறைய.

உழைப்புலயோ சாமர்த்தியத்துலயோ குறை இல்லைங்கறதுக்கு வேற சாட்சி வேணும்னா நைரோபியில ஈஸ்ட்லீயைப் பாருங்க. 1991க்கு அப்புறம் அகதியா வந்த அதே சோமாலிங்கதான் கரிசா லாட்ஜ்னு ஒரு லாட்ஜோட ரூம்களைக் கடையா மாத்தி ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அது கிழக்கு ஆப்பிரிக்காவோட பெரிய வியாபார இடங்கள்ல ஒண்ணு. பக்கத்து நாடு, தெரிஞ்ச பாஷை, துபாய் வரைக்கும் சொந்தக்காரங்க. அதே மாதிரி நைஜீரியாக்காரங்களை இத்தாலியில பாருங்க. தெற்கு நைஜீரியாவுல இருக்கிற பெனின் சிட்டி பக்கத்துலேர்ந்து ஏஜென்ட்டுகிட்ட மாட்டி, பல்லாயிரம் யூரோ கடன், அதுக்கு சாமி முன்னாடி சத்தியம், அப்படிக் கொண்டு போய் பாலியல் தொழிலுக்குத் தெருவுல நிறுத்தின பெண்கள் எத்தனையோ பேர். 2018ல பெனின் அரசர் ஓபாவே அந்த சத்தியமெல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சாரு. ஆம்பளைங்க தெற்கு இத்தாலியில தக்காளி பறிக்கிறாங்க. ஹூஸ்டன் டாக்டரும் நைஜீரியாக்காரர்தான், இவங்களும் நைஜீரியாக்காரங்கதான். பழக்க வழக்கம்தான் காரணம்னா இத்தாலியில ஏன் இப்படி?

நமக்கு இது புரியாத விஷயம் இல்ல. நைஜீரியாக்காரங்களுக்கு வழி திறந்த அதே 1965 அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துலதான் மெட்ராஸ் டாக்டர்களும் இன்ஜினியர்களும் இந்த நாட்டுக்கு வந்தாங்க. 1983க்கு அப்புறம் யாழ்ப்பாணத்துலேர்ந்து டொராண்டோவுக்குப் போய் ரெஸ்டாரன்ட்ல பாத்திரம் கழுவி, டிக்கெட் கடனை அடைச்ச தமிழர்களையும் நமக்குத் தெரியும். அவங்களைப் பார்த்து யாராவது சோம்பேறின்னு சொன்னா நாம சும்மா இருப்போமா?

நைஜீரியாக்காரங்களுக்கும் எல்லாம் சுகம்னு நினைச்சுடாதீங்க. ஹூஸ்டன்ல என் மேஜைக்கு வந்த டாக்சி டிரைவர்கள்ல ரெண்டு டிகிரி வச்சிருந்தவங்க உண்டு. ஊர்ல டாக்டரா இருந்தவர் இங்க பரீட்சை எல்லாம் திரும்ப எழுதி, ரெசிடென்சிங்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி இடத்துக்குக் காத்திருந்து, அதுவரைக்கும் நர்சிங் ஹோம்ல நைட் டியூட்டி பார்ப்பாரு. அதே டிகிரி வச்சிருக்கிற வெள்ளைக்காரரை விட சம்பளம் கம்மிங்கிறது பல ஆய்வுகள்ல வந்த விஷயம். விசா லாட்டரியும் நைஜீரியாவுக்கு 2013லயே நின்னுடுச்சு, ஏற்கனவே நிறைய பேர் வந்துட்டாங்கன்னு. 2023 ஜூன்ல நைராவை சந்தை விலைக்கு விட்டதுல டாலருக்கு 460 இருந்தது அடுத்த வருஷமே 1,500ஐத் தாண்டிடுச்சு. அப்பா நைராவுல ஃபீஸ் கட்டற பிள்ளைங்க நடு செமஸ்டர்ல திண்டாடினாங்க, அதாவது 80கள்ல நடந்தது திரும்ப நடந்துச்சு. சராசரி வருமானம்னு ஒரு நம்பர் போட்டா இவங்கெல்லாம் அதுக்குள்ள மறைஞ்சு போயிடறாங்க.

சோமாலிப் பிள்ளைங்க நிலைமை மாறிட்டு வருது, அதை நான் கண்ணால பார்க்கிறேன். இப்போல்லாம் அப்பாவோட கூட வந்து மொழிபெயர்க்கிற பொண்ணே நர்சிங் படிக்குது, இல்ல அக்கவுன்டிங் படிக்குது, நான் போடற ரிட்டர்ன்ல தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரமா இருக்கு. அவங்களுக்குப் பெரிய தடையா இருந்தது படிப்புக் கடன், அதுலயும் வட்டி இருக்கே. 2024லேர்ந்து மின்னசோட்டாவுல நார்த் ஸ்டார் பிராமிஸ்னு ஒரு திட்டம் வந்திருக்கு, குடும்ப வருமானம் 80,000 டாலருக்குக் கீழ இருந்தா மாநில அரசுக் காலேஜ்ல டியூஷன் கட்ட வேண்டாம். கடன் வாங்காம படிக்கலாம். அதுக்கு அப்ளை பண்றப்போ குடும்ப வருமானத்தைக் காட்ட வரி ரிட்டர்ன் உதவும், அதனால பிப்ரவரியில நாங்க நேரத்தோட ஆரம்பிக்கிறோம். கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் யாராவது இருந்தீங்கன்னா, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்னா வாங்க, ட்ரெய்னிங் ஐஆர்எஸ்காரங்களே, அதாவது அமெரிக்க வரித்துறையே, இலவசமா கொடுக்கறாங்க. வணக்கம்.