ஒரே கல்லை எத்தனை முறை திருடலாம்?

நடுவர் அவர்களே, வணக்கம். "நகைச்சுவைத் துப்பறியும் நாவலுக்கும் நம்பும்படியான கதை வேண்டும்" என்று எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா அடித்துச் சொன்னார். அதற்குச் சாட்சியாக அவர் இழுத்துவந்தது அமெரிக்க எழுத்தாளர் டொனால்ட் வெஸ்ட்லேக் 1970இல் எழுதிய 'தி ஹாட் ராக்' நாவலை. "ஒரே மரகதத்தை ஒருத்தன் எத்தனை முறைதான் திருடுவான்? நடக்கிற காரியமா இது?" என்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள்.

நடக்காது ஐயா. ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க் கண்காட்சி அரங்கில் அந்த மரகதக் கல்லை ஒரு திருட்டுக் கும்பல் திருடப் போகிறது, அதில் ஒருவன் கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு கல்லை விழுங்கிவிடுகிறான். சரி, அவனைச் சிறையிலிருந்து தூக்கிவந்தால், கல்லைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒளித்துவைத்தேன் என்கிறான். அதற்கு ஹெலிகாப்டரில் போய் ஸ்டேஷன் மாடியில் இறங்குகிறார்கள். அங்கேயும் இல்லை, அவனுடைய வக்கீல் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். எடுத்தவர் மனநல மருத்துவமனையில் போய்ப் பத்திரமாகப் படுத்துக்கொண்டார். அவரைப் பிடிக்க ஒரு ரயில் எஞ்சினையே வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே ஓட்டுகிறார்கள். கடைசியில் கல் வங்கி லாக்கரில். இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் எதிரணிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வெஸ்ட்லேக்குக்கு சீரியஸாக எழுதத் தெரியாமல் இல்லை. ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் பார்க்கர் என்ற திருடனை வைத்து 1962இலிருந்து நாவல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பார்க்கர் சிரிக்க மாட்டான், எதிரே வந்து நிற்பவனை உயிரோடு விடுவதும் சந்தேகம். இந்த மரகதக் கதையையும் முதலில் பார்க்கருக்காகத்தான் யோசித்தார். ஒரே பொருளை ஒருவன் திரும்பத் திரும்பத் திருட வேண்டும் என்று ஆரம்பித்தாரே தவிர, எழுத எழுதச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கரைக் கேலிக்கு ஆளாக்க முடியாது, செத்துப்போவான். அதனால் அந்தக் கதையைத் தாங்குகிற ஆளாக டார்ட்மண்டர் பிறந்தான். பெயர்கூட ஒரு மதுக்கடையில் ஒளிர்ந்த பீர் விளம்பரத்திலிருந்து எடுத்தது! நடக்காத கதையைச் சகித்துக்கொண்டு இந்த நாவலை ரசிக்கிறோம் என்பது தப்பு, நடுவர் அவர்களே. அந்த நடக்காத கதை இல்லாவிட்டால் டார்ட்மண்டரே கிடையாது.

அப்புறம் அவன் யார் என்று பாருங்கள். நாவல் தொடங்கும்போது சிறையிலிருந்து விடுதலை ஆகிறான், வார்டன் முன்னால் மூக்கைச் சிந்துகிறான், சிந்திய காகிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள்ளேயே கசக்கி வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், எனக்கு அவனைத் தெரிந்துவிட்டது. மேலதிகாரி அறையில் காலி டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன்.

அவன் கூட்டாளிகளும் அப்படித்தான். வண்டி ஓட்டுகிற மர்ச் வந்து உட்கார்ந்ததும் திருட்டைப் பற்றிப் பேச மாட்டான். எந்தப் பாலத்தில் நெரிசல், எந்தச் சாலையில் திரும்பியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றுதான் பேசுவான். நம் வீட்டுக் கல்யாணங்களில் இப்படி ஒரு சித்தப்பா இல்லாமல் இருக்கிறாரா? கெல்ப் என்பவன், இந்த வரிசை நாவல்களில், டாக்டர்களின் கார்களாகப் பார்த்துத்தான் திருடுவான். வலி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சொகுசான வண்டியாகத்தானே வாங்குவார்கள் என்பது அவன் கணக்கு. இந்த வேலைக்கு அவர்களை அமர்த்துகிற ஆப்பிரிக்கத் தூதர், வாராவாரம் சம்பளமும் கொடுத்து, ஹெலிகாப்டர் வேண்டும், எஞ்சின் வேண்டும் என்று நீட்டுகிற பட்டியலையும் பார்த்துப் பார்த்து நொந்துபோகிறார். செலவுக் கணக்கு எழுதுகிற திருடர்கள்! (தூதரின் நாடும் கற்பனைதான். ஐயா அதை விட்டுவிட்டார், நானே சொல்லித் தருகிறேன்.)

நிகழ்ச்சி எவ்வளவு தூரம் பறந்தாலும் இந்த மனிதர்கள் யாரும் பறப்பதில்லை. ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர்கள் கவலை எல்லாம் நம் கவலைதான். தேவனின் சாம்புவை மடியில் வைத்து வளர்ந்த ஊர் இது. சாம்பு உளறியதெல்லாம் துப்பு ஆனபோது, "அதெப்படி ஆகும்?" என்று நம் தாத்தா யாராவது விகடனை மூடி வைத்தாரா? அடுத்த வாரம் தபால்காரர் எப்போது வருவார் என்றுதானே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணி அம்மா ஒருவர், "அப்படியானால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?" என்று கேட்டார். முடியாது அம்மா. சிரிப்பு வராவிட்டால் அந்த நாவலை நானே உங்கள் பக்கம் தூக்கிப்போடுகிறேன். இந்த நாவலிலும் நடுவில் ஓரிடத்தில் திட்டம் போடுகிற பேச்சு கொஞ்சம் நீளம்தான், எனக்கும் கொட்டாவி வந்தது.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று. நாவலில் வங்கிக் காவலரை லிஃப்டில் வைத்து ஒருவர் மனோவசியம் செய்துவிடுகிறார். அதற்குப் பிறகு "ஆப்கானிஸ்தான் வாழைப்பழக் கடை" என்று காதில் சொன்னால் போதும், அந்தக் காவலர் சொன்னதைச் செய்வார். நடுவர் அவர்களே, கொஞ்சம் இப்படிக் குனியுங்கள், தீர்ப்புக்கு முன்னால் உங்கள் காதில் ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய் உட்காருகிறேன்.