காரணம் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்: ஆர்டிஐ மனு எழுதுவது எப்படி?

[திரையில்: ஜல்லி பெயர்ந்து கிடக்கும் ஒரு தெரு]

வணக்கம். இது எங்கள் தெரு. தார் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. அதற்குள் இந்த நிலைமை.

கோபத்தில் நான் எழுதிய முதல் ஆர்டிஐ மனுவில், அதாவது அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் மனுவில், மூன்று கேள்விகள் இருந்தன. "சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது? இதற்கு யார் பொறுப்பு? எப்போது சரிசெய்வீர்கள்?" முப்பதாவது நாள் பதில் வந்தது. "விளக்கம் கோரும் வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வராது." அவ்வளவுதான், ஒரே வரி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, நான் கேட்ட விதத்தில்தான் பிழை என்று புரிந்தது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் என்றால் என்ன என்று பிரிவு 2(f) சொல்கிறது. ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், ஆணை, ஒப்பந்தம், அறிக்கை, பொருளின் மாதிரி என்று நீளமான பட்டியல். எல்லாமே அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பொருள்கள். இல்லாத ஒன்றைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லிவிட்டது. விடைத்தாளைத் தேர்வு எழுதியவருக்குக் காட்ட வேண்டும் என்று சொன்ன அதே தீர்ப்பில்தான் இதுவும் இருக்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையே காகிதம் கேட்ட கதைதான். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன கிராமத்து மக்களுக்குச் சட்டப்படியான கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. 'வேலை செய்ததற்குப் பதிவு இல்லை' என்பார்கள். சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள் மக்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அந்த மக்களோடு சேர்ந்து கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். தமிழ்நாடு 1997-இலேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, ஆனால் அதில் விதிவிலக்குகள் நிறைய.

[திரையில்: கையால் எழுதிய மனு]

இப்போது என் இரண்டாவது மனுவுக்கு வருவோம். ஒரு சாலை போட்டால் அலுவலகத்தில் என்னென்ன காகிதம் உருவாகும் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். பணி ஆணை. ஒப்பந்ததாரரோடு போட்ட ஒப்பந்தம். தரப் பரிசோதனை அறிக்கை. பில். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் போடப்பட்டது என்று அளந்து, பொறியாளர் கையெழுத்திடும் புத்தகம் அது. அதை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகிறது. எம்-புக் நகல் கையில் இருந்தால், நீங்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கலாம்.

'ஏன்' என்ற கேள்விக்கும் இப்படி ஒரு வழி உண்டு. உங்கள் விண்ணப்பத்தை ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்காமல், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். எந்த அலுவலர் என்ன எழுதினார், யார் மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மனுவில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், அலுவலகத்தின் பெயர். உங்கள் பெயர், முகவரி. பிறகு, 'இந்தத் தெருவில், இந்த நிதியாண்டில் போடப்பட்ட சாலைப் பணிக்கான அளவுப் புத்தகப் பக்கங்களின் சான்றிட்ட நகல்' என்பதுபோல ஒவ்வொரு ஆவணமாக, இடமும் காலமும் சொல்லி எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, அவர்களும் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அலுவலர் எழுத உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதை நிறைய பேருக்கு யாரும் சொல்வதே இல்லை.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகத்துக்கு போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றை மட்டும் இணைக்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம், ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

நகல் மட்டும்தான் என்றில்லை. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடலாம், நடக்கிற பணியைப் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடக் கேட்கலாம். காகிதம் எத்தனை பக்கம் என்று தெரியாதபோது முதலில் பார்வையிடக் கேட்பதே நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

பதில் தர 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். பதிலே வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டு மேல்முறையீட்டுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் ஆணையத்தில் காத்திருக்கும் காலம் நீளமானது. அதனால் முதல் மேல்முறையீட்டிலேயே ஒவ்வொரு ஆவணத்தையும் மறுபடி குறிப்பிட்டு, எது வரவில்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

மறுப்பதற்கு அடிக்கடி காட்டப்படும் பிரிவு 8(1)(j), தனிநபர் தகவல். முன்பு அதில், பொது நலன் இருந்தால் தரலாம் என்ற வரியும் சேர்ந்தே இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சுருக்கி, 'தனிநபர் தகவல்' என்பதோடு நிறுத்திவிட்டது. இது எனக்குப் பெரிய கவலை. கோட் கிரானாவில் வாசித்தது பெயர்ப் பட்டியலைத்தானே? பெயரை மறைத்துவிட்டு அந்தப் பட்டியலை வாசித்திருந்தால் என்ன வெளிவந்திருக்கும்? ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பாதிப்பைவிடப் பொது நலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. உங்கள் மேல்முறையீட்டில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

[திரையில்: எம்-புக் நகல், அருகில் பெயர்ந்த தார்த் துண்டு, ஸ்கேல்]

என் இரண்டாவது மனுவுக்குப் பதினேழு பக்கம் வந்தது. எம்-புக்கில் கனம் 30 மில்லிமீட்டர். தெருவில் பெயர்ந்து கிடந்த துண்டுகளை அளந்தேன், எதுவும் 20-ஐத் தாண்டவில்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது: குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதற்குள் சாலை பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்கள் தெருவுக்கு அது முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி. அந்தப் பக்கத்தை இணைத்துப் புகார் கொடுத்தோம், தெருவில் இருபத்திரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். கீழ்ப்பாதிக்குப் புதிதாகத் தார் போட்டுவிட்டார்கள். மேல்பாதிக்கான தரப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை, அதற்கான முதல் மேல்முறையீட்டை நேற்றுதான் தபாலில் சேர்த்தேன்.