கல்லுக்குப் பக்கத்துல பேரு மட்டும் எழுதினா போதுமா?

வணக்கங்க. இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. சேலத்துல படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்காங்க: "எங்க கல்லூரி வளாகத்துல சுத்துவட்டாரக் கல்லுங்களை வச்சு இலவசக் கண்காட்சி போடுறோம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேரு எழுதி வச்சா போதுமா?"

போதாதும்மா. பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்னு தெரியும்: முதல்ல ஊரை எழுதுங்க. பேரைப் பின்னாடி கண்டுபிடிச்சுக்கலாம். வெள்ளையா ரெண்டு துண்டு இருக்கு, ஒண்ணு நம்ம வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், இன்னொண்ணு குவார்ட்ஸ். கத்தி முனையால கீறுங்க. மாக்னசைட்ல கோடு விழும், குவார்ட்ஸ்ல விழாது. முடிஞ்சது. ஆனா எந்தக் குழியில எடுத்ததுன்னு கத்தி சொல்லுமா?

சார்னோக்கைட்ங்கிற கெட்டியான கருங்கல் இனத்தை எடுத்துக்குங்க. கல்கத்தாவுல இருக்கிற, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லை தாமஸ் ஹாலண்ட்ங்கிற நிலவியல் அறிஞர் ஆராய்ஞ்சு, 1893ல அந்தக் கல் இனத்துக்கு சார்னாக் பேரையே வச்சார். அந்தக் கல் போனது நம்ம சென்னைப் பக்கத்துல, பல்லாவரம் பகுதியில இருந்து. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையிலயும் பெரும்பகுதி அதே இனம்தான். பல்லாவரத்துத் துண்டையும் ஏற்காட்டுத் துண்டையும் சீட்டு இல்லாம ஒரே தட்டுல வச்சா, பார்க்க வர்றவங்க எப்படிப் பிரிப்பாங்க? அதனால "சேலம்"னு மட்டும் எழுதாதீங்க. ஏற்காடு மலைப்பாதை, எத்தனையாவது வளைவு, சாலை வெட்டுல எடுத்ததா, உதிர்ந்து கிடந்ததா, தேதி, எடுத்தவர் பேரு, ஜிபிஎஸ் எண், இவ்வளவும் வேணும். காப்புக்காட்டுலயும் சுரங்கக் குத்தகை நிலத்துலயும் அனுமதி வாங்காம ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது.

அந்தப் பொண்ணு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: சீட்டு தொலைஞ்சா என்ன செய்யறது? இலவசக் கண்காட்சின்னா கூட்டம் வரும், கை படும், பெருக்குறப்ப சீட்டு இடம் மாறும். அதனால ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதைக் கல்லு மேலயே எழுதணும். கல்லைக் கழுவி நல்லாக் காய வைங்க. கண்ணுல படாத பக்கத்துல 2 செ.மீ. நீளத்துக்கு, அசிட்டோன்ல கரைச்ச பாராலாய்டு பி-72ங்கிற நிறமில்லாத அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு. காய்ஞ்சதும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட். அது மேல இந்தியன் இங்க்ல எண். மேல மறுபடி பாராலாய்டு. நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம், நாளாக மஞ்சளாகி உரிஞ்சிடும். ஸ்டிக்கர் நம்ம ஊர் வெயிலுக்குப் பசை காய்ஞ்சு விழுந்துடும். அதே எண்ணுல முழு விவரத்தையும் பதிவேட்டுல எழுதுங்க. சீட்டு எழுத பால்பாயின்ட் பேனா கூடாது, வெளிச்சத்துல மங்கிடும். பென்சில் நிக்கும்.

பைரைட், அதாவது தங்கம் மாதிரி மின்னுற இரும்பு-கந்தகக் கனிமம், இருந்தா தனியா, ஈரமில்லாத பெட்டியில, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஈரக்காத்து பட்டா கந்தக அமிலம் உண்டாகி, கல்லும் பொடியாகும், அடியில இருக்கிற சீட்டும் அரிச்சுப் போகும்.

கண்ணாடிக்குள்ள எல்லாத்தையும் பூட்டி வைக்காதீங்க, தொட்டுப் பார்க்க ஒரு மேசை போடுங்க. கஞ்சமலை இரும்புக் கல் ஒரு பெரிய துண்டு, பக்கத்துல நூல்ல கட்டின காந்தம். சின்னப் பசங்க அந்த இடத்தை விட்டு நகர மாட்டாங்க. மேசையில வைக்கிறதுக்குன்னு கூடுதலா ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க, பதிவேட்டுல இருக்கிற மூலத் துண்டை வைக்காதீங்க. மேசைத் துண்டுக்கும் எண் உண்டு.