தூக்கை எடுங்கள், கவரை விடுங்கள்

(பெரம்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, பல வேலைகளுக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, ஓய்வுக்குப் பிறகும் நம் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இலவசமாக வேதியியல் சொல்லித்தரும் பேராசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக எனக்குக் கதர்த் துண்டு போர்த்திய செயலாளர் தம்பி அவர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி தந்து உதவிய அன்பருக்கும் நன்றி. அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை.

நான்கு இடங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தேன். பழக்கூடை, கழிவறை அலமாரி, படுக்கையறை, குழந்தையின் விளையாட்டுச் சாமான். ஐந்தாவதாக, கடையில் சாம்பார் கட்டித்தரும் பிளாஸ்டிக் கவரையும் சேர்த்துக்கொள்கிறேன்; இன்று அதுதான் முக்கியம். இவற்றின் வழியாகத்தான் நஞ்சு நம் வீட்டுக்குள் வருகிறது. எல்லாவற்றுக்கும் நம் பெரியவர்கள் ஒரே வாக்கியத்தில் வழி சொல்லிவிட்டார்கள்: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. நோய் வந்தபின் மருத்துவருக்குச் செலவழிப்பதை, முன்பே எண்ணெய் விற்கும் வாணியனிடம் நல்ல பொருள் வாங்கச் செலவழி என்று பொருள்.

முதலில் பழக்கூடை. கோடை பிறக்கும் முன்பே கடையில் மஞ்சள் மஞ்சளாக மாம்பழம் அடுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை விடும். அந்த வாயு பழத்தின் தோலை மஞ்சளாக்கும். தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் ஒட்டிக்கொண்டு வரும். சட்டப்படி இது தடை. எத்திலீன் வாயுவில் பழுக்க வைக்கலாம், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு வரை. நம்மால் செய்யக்கூடியது எளிது. காயாக வாங்கி அரிசிப் பானையில் புதைத்து வையுங்கள்; நான்கு நாள் பொறுங்கள்.

அடுத்தது கழிவறை அலமாரி. இதைத் தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத நம் சின்னக் குளியலறைகளில் அது நேரே நுரையீரலைத் தாக்கும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்றுகூட வேண்டாம். சோப்புத்தூளும் தேய்ப்பானும் பெரும்பாலும் போதும்.

இப்போது நான் எதற்காக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேனோ அதற்கு வருகிறேன். சாம்பார் கவர்!

கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூலால் சுற்றிச் சுண்டி முடிச்சுப் போடுகிறார்களே, அந்தப் பையை வீட்டுக்குப் போனதும் தொட்டுப் பாருங்கள், தொளதொளவென்று இளகியிருக்கும். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் உணவில் இறங்குவதற்கு மூன்று துணை செய்யும்: சூடு, புளிப்பு, எண்ணெய். சாம்பாரில் மூன்றும் உண்டு. அந்தப் பொருள்களில் சில, தாலேட் போன்றவை, உடம்பின் ஹார்மோன் ஓட்டத்தைக் குழப்பக்கூடியவை. ஒரு நாளில் இறங்குவது துளிதான். நாம் தினமும் அல்லவா வாங்குகிறோம்? டீ கடைக் காகிதக் கப்பும் இதே சாதி. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2020-இல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 100 மில்லி சூடான நீரை அப்படிப்பட்ட கப்பில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள்; சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இறங்கியிருந்தன.

எங்கள் பக்கத்து மெஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஏழு மணி, நல்ல கூட்டம். நான் எவர்சில்வர் தூக்கை நீட்டினேன். கரண்டி பிடித்த தம்பி, "பார்சல்னா கவர்தான் பெரியவரே, தூக்குல அளவு தெரியாது" என்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "ஒரு கவர் கட்டி என்கிட்டக் குடுப்பா" என்றேன். வாங்கித் தூக்கில் கவிழ்த்தேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, சாம்பார் நின்ற மட்டத்தில் உள்பக்கம் ஒரு கீறு போட்டேன். "இனிமே இதான் அளவு, இந்தக் கோடு வரைக்கும் ஊத்து" என்றேன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஓடிப்போய் சீட்டுக்கு அடியிலிருந்து தன் டிபன் கேரியரை எடுத்து வந்தார். "அண்ணே, எனக்கும் ஒரு கோடு போடுங்க" என்றார். கடைத் தம்பி, "எல்லாரும் கோடு போட்டா நான் எப்ப வியாபாரம் பண்றது?" என்று கத்த, கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் அம்மா எழுந்தார். எண்பது வயதிருக்கும். "டேய், உங்க தாத்தா காலத்துல பாத்திரம் கொண்டாராதவனுக்கு நம்ம கடையில சாம்பாரே கிடையாது. ஊத்துடா!" என்றார். கடையே கை தட்டியது. இப்போது அந்த மெஸ்ஸில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அளவுக் குவளை தொங்குகிறது.

அந்த அம்மா சொன்னதன் பொருளும் அதுதான்: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. ஒரு தூக்கின் விலை, ஒரு முறை ஸ்கேன் எடுக்கும் செலவில் சிறு பங்கு.

"அரசு என்ன செய்கிறது?" என்று கேட்பீர்கள். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. உணவு கட்டும் தாளும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்தது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். ஆனால் தடை மட்டும் போதாது; அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் பெற்றோர்களே வாங்க மறுக்க வேண்டும். கவருக்கும் அந்த மறுப்புதான் வேண்டும். வாங்குகிறவன் கை நீட்டும் வரை கடைக்காரன் கட்டிக்கொண்டுதான் இருப்பான்.

படுக்கையறை கொசுவத்திப் புகையைப் பற்றியும் விளையாட்டுச் சாமான் சாயத்தில் உள்ள ஈயத்தைப் பற்றியும் பேச நேரம் இல்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்; ஈயத்தைப் பேராசிரியர் ஐயா அடுத்த மாதம் விளக்குவதாக இசைந்திருக்கிறார்.

மாமன்ற உறுப்பினர் அம்மையாரிடம் ஒரு கோரிக்கை. நம் மாநகராட்சி வட்டத்தில் உள்ள ஒவ்வொரு உணவகத்திலும் ஓர் அளவுக் குவளையும், "பாத்திரம் கொண்டு வந்தால் ஊற்றித் தருவோம்" என்ற பலகையும் வைக்கச் சொல்லுங்கள். பலகை எழுதும் செலவை நாங்கள் ஏற்கிறோம். வாசலில் செயலாளர் தம்பி நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். உங்கள் தெருவில் எந்தக் கடையில் கேட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்று கடையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் கூட வருகிறேன்.