உட்கார்ந்திருக்கும் உடலுக்குத் தனிக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

ஆணழகன் போட்டி என்றதும் நம் மனத்தில் எழுவது, தொடைத் தசைகள் புடைக்க மேடையில் நிற்கும் ஓர் உருவம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதே மேடைக்கு வந்து, இடுப்புக்கு மேற்பட்ட உடலை மட்டும் நடுவர்கள் முன் வைத்துப் போட்டியிடுகிறவர்களும் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த நிக் ஸ்காட், 1998-இல் தம் பதினாறாம் வயதில் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தவர். இந்தப் பிரிவை வளர்த்தவர்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர் அவர். 2011-இல் ஹூஸ்டன் நகரில் தொழில்முறை வீரர்களுக்கென்று சக்கர நாற்காலிப் பிரிவு நடத்தப்பட்டது. 2018-இல் ஆணழகன் துறையின் புகழ்பெற்ற ஒலிம்பியா போட்டியிலேயே அப்பிரிவு சேர்க்கப்பட்டபோது ஹெரால்டு கெல்லி பட்டம் வென்றார். நம் நாட்டில், லூதியானாவைச் சேர்ந்த ஆனந்த் அர்னால்டு, பதினைந்தாம் வயதில் தண்டுவடத்தில் புற்றுநோய் கண்டு நடக்கும் ஆற்றலை இழந்த பிறகு இதே துறையில் பெயர் பெற்றார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதற்குள்ளே இருக்கும் ஒரு சிறு கிளையைப் பற்றி. ஊக்கமருந்து தொடாதவர்களுக்கென்றே நடத்தப்படும் போட்டிகளை ‘நேச்சுரல்’ போட்டிகள் என்கிறார்கள். வேர்ல்டு நேச்சுரல் பாடிபில்டிங் ஃபெடரேஷன் போன்ற அமைப்புகள், போட்டியாளர் கடந்த பத்து ஆண்டுகளில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டுகள் எதையும் எடுத்திருக்கக் கூடாது என்று விதி வைத்து, அதை உறுதிசெய்யச் சிறுநீர்ச் சோதனையும், பொய்யறியும் கருவியான பாலிகிராஃப் சோதனையும் நடத்துகின்றன. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வலுப்பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் போட்டிகளின் தயாரிப்பு முறைகளும் சோதனை முறைகளும் நிற்கிற, நடக்கிற, வியர்க்கிற உடலை மனத்தில் கொண்டு உருவானவை. அவற்றை அப்படியே சக்கர நாற்காலியில் இருப்பவர்மீது ஏற்றினால் சில இடங்களில் அநீதியும் சில இடங்களில் உயிராபத்தும் நேர்கின்றன.

முதலில் சாப்பாட்டுக் கணக்கு. போட்டிக்கு முந்தைய மாதங்களில் கொழுப்பைக் கரைப்பதற்காக, உயரம், எடை, வயது ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று ஜிம் பயிற்சியாளர் எழுதித் தருவது வழக்கம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. காயம்பட்ட இடத்துக்குக் கீழேயுள்ள தசைகள் சுருங்கிப் போவதால், ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலே குறைந்துவிடுகிறது. நடக்கும் உடலோடு ஒப்பிட்டால் 14 முதல் 27 விழுக்காடு வரை குறைவு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே பயிற்சியாளர் ‘குறைத்துக் கொடுத்திருக்கிறேன்’ என்று நம்பித் தரும் உணவே இவருக்கு எடையைக் கூட்டக்கூடும். எடை இறங்கவில்லையே என்று கண்மூடித்தனமாக உணவைக் குறைத்தால், கரைவது கொழுப்பு மட்டுமாக இராது. ஊக்கமருந்தின் துணையில்லாமல் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த தோள் தசையும் சேர்ந்து கரையும். நீண்ட காலம் எடுத்துக்கொண்டு, புரதத்தைக் குறைக்காமல், வாரத்துக்குச் சிறிதளவே இறங்குவதுதான் இங்கே செல்லுபடியாகும் வழி.

கொழுப்பு இறங்கிய பிறகு வரும் சிக்கல் இன்னும் பெரியது. அதைப் பற்றிப் பயிற்சிக்கூடங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாம் உட்காரும்போது நம் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடிமுனைகள் இரண்டின்மீது இறங்குகிறது. அந்த எலும்புக்கும் தோலுக்கும் இடையில் மெத்தையாக இருப்பவை பிட்டத்துத் தசையும் கொழுப்பும். செயலிழந்த உடலில் அந்தத் தசை முன்பே மெலிந்திருக்கும். எஞ்சியிருப்பது கொழுப்பு ஒன்றுதான். நிற்கும் வீரருக்குப் பிட்டத்தில் கொழுப்பு வற்றிக் கோடுகள் தெரிவது நடுவர்கள் விரும்பிப் பார்க்கும் அடையாளம். நாற்காலியில் இருப்பவருக்கோ, நடுவர்கள் பார்க்கவே போகாத இடத்திலிருந்த கடைசிக் கவசத்தை இழந்தது என்று பொருள். உணர்ச்சியற்ற தோலில் அழுத்தப்புண் தோன்றினால் வலி வந்து எச்சரிக்காது. ஆழமான புண் ஆற மாதக்கணக்கில் படுக்க நேரிடும். எலும்புவரை போனால் அறுவை சிகிச்சை. கால்மணிக்கும் அரைமணிக்கும் ஒருமுறை முன்னே சாய்ந்து அழுத்தத்தை நீக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். கைகளை ஊன்றி ஒரு நொடி எழும்பி அமர்ந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதாது. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2 நிமிடம் பிடிக்கிறது. இதோடு, மேடைக்காக உடலில் பூசும் அடர்பழுப்புச் சாயம், புண்ணின் முதல் அறிகுறியான நிறமாற்றத்தை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமரும் பகுதியில் சாயம் பூசாமல் விடுவதும், பூசுவதற்கு முன் அந்த இடத்தை வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்வதும் நல்லது.

அடுத்தது தண்ணீர். போட்டிக்கு முந்தைய நாள்களில் நீரைக் குறைத்துத் தோலுக்கடியில் தசை பளிச்சென்று தெரியச் செய்யும் வழக்கம் நேச்சுரல் வீரர்களிடமும் உண்டு. அதனால் பெரிய பயன் இல்லை என்பதே என் எண்ணம். தசையின் நிறைவுக்கே நீர் வேண்டியிருக்கிறது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை வெளியேற்றுகிறவருக்கு நீரைக் குறைப்பது நேரடித் தீங்கு. சிறுநீர் அடர்த்தியாகித் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி பிறக்கும். நெஞ்சுப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு: அடைபட்ட கதீட்டர், நிரம்பிய சிறுநீர்ப்பை, தொற்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே போதும், ரத்த அழுத்தம் திடீரென எகிறிவிடும். தாங்க முடியாத தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்; உடனே கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் சிலர் இதே நிலையை வேண்டுமென்றே வரவழைத்து உடலை முடுக்கிக்கொள்ள முயன்றதால், சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடைசெய்திருக்கிறது. மருந்தே இல்லாமல் செய்யும் ஊக்கமருந்து மோசடி என்று அதைச் சொல்லலாம். நேச்சுரல் அமைப்புகளின் விதிப்புத்தகங்களிலும் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

இனி ‘நேச்சுரல்’ என்னும் தகுதியைப் பற்றி. நடக்கும் வீரர் ஒருவர் ஸ்டீராய்டு எடுக்காமல் இருப்பது பெரும்பாலும் அவருடைய மனவுறுதியைப் பொறுத்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் தடைசெய்யப்பட்ட மருந்தைச் சந்திப்பதோ பெரும்பாலும் மருத்துவமனையில். அவர்களில் கணிசமான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் அளவு குறைந்திருப்பதால், அதை ஈடுசெய்ய மருத்துவர் ஊசியோ களிம்போ எழுதித் தருவதுண்டு. ஆக்ஸாண்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டு அழுத்தப்புண்ணை ஆற்றுமா என்று அமெரிக்காவில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களிடம் சோதித்துப் பார்த்து, பயனில்லை என்று 2013-இல் அறிவித்தார்கள். எழுந்து உட்கார்ந்தவுடன் ரத்த அழுத்தம் சரிந்து மயங்குகிறவர்களுக்குத் தரப்படும் மிடோட்ரின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் குறிப்பிடப்பட்டே இடம்பெற்றுள்ளது. கால்வீக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் நீர் மாத்திரைகள் நெடுங்காலமாகத் தடைப்பட்டியலில் இருப்பவை. உடல் விறைப்புக்குத் தரப்படும் பேக்லோஃபென் அப்பட்டியலில் இல்லை என்பது ஆறுதல். ஆக, மேடையேறும் எண்ணமே இல்லாத காலத்தில், மருத்துவமனைப் படுக்கையில் ஏற்றப்பட்ட ஓர் ஊசி பத்தாண்டு விதிக்குள் வந்து நிற்கக்கூடும். மருத்துவச் சீட்டு இருந்தாலும் டெஸ்டோஸ்டிரோனை ஏற்க மறுக்கும் அமைப்புகள் உண்டு. அவர்கள் நிலையை நான் குறைகூறவில்லை, ஏனெனில் அந்த வாசலைத் திறந்தால் உள்ளே நுழைய எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் விபத்துக் கால மருந்துகளைத் தனியே எடுத்துப் பார்க்க ஒரு மருத்துவக் குழு இருப்பது நியாயம்.

பாலிகிராஃப் விஷயத்தில் எனக்கு இந்த அளவு பொறுமை இல்லை. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், விரல் நுனியின் வியர்வை ஆகியவற்றில் ஏற்படும் மாறுதல்களைப் பதிவு செய்து, அவற்றைக் கொண்டு ஒருவர் பொய் சொல்கிறாரா என்று ஊகிக்கும் கருவி அது. நம் உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. போட்டியாளர் சம்மதித்தே வருகிறார் என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுமையாக அறுபட்டவருக்கு, மனக்கலக்கத்தின்போது உள்ளங்கையை வியர்க்கச் செய்யும் நரம்புத் தொடர்பே மூளையிலிருந்து வருவதில்லை. நெஞ்சின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கும் வியர்வையும் ரத்த அழுத்தமும் மற்றவர்களைப் போல நடந்துகொள்வதில்லை. மூச்சுத் தசைகள் பாதி செயலிழந்திருந்தால் மூச்சின் வரைகோடும் வேறு. அப்படிப்பட்ட ஒருவர் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் கருவி காட்டுவதற்குப் பொருள் கொள்ள யாராலும் முடியாது. சக்கர நாற்காலிப் பிரிவில் இச்சோதனையைக் கைவிட்டு, முன்னறிவிப்பின்றி ஆண்டு முழுவதும் எடுக்கும் சிறுநீர்ச் சோதனையை மட்டும் நம்புவதே நேர்மை.

நடுவர்களின் மதிப்பீட்டிலும் ஒரு கோணல் இருக்கிறது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் உடலின் இயக்கத் திறனைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. ஆணழகன் மேடையிலோ, சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டவர், காலை இழந்தவர், இடுப்பளவில் தண்டுவடம் அடிபட்டவர், நெஞ்சளவில் அடிபட்டவர் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். போலியோவால் கால் சூம்பியவருக்கு உணர்ச்சி அப்படியே இருக்கும். பலருக்கு வயிற்றுத் தசையும் இயங்கும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் காயம்பட்டவரால் வயிற்றை இறுக்கவே முடியாது. எவ்வளவு கொழுப்பு குறைந்தாலும் வயிறு முன்தள்ளியே நிற்கும். பக்கவாட்டு நெஞ்சு போஸ் காட்டும்போது ஒரு கையால் நாற்காலியைப் பிடிக்காவிட்டால் சாய்ந்துவிடுவார். இருவரையும் அருகருகே வைத்து வயிற்றுத் தசைக்கு மதிப்பெண் போடுவது, பயிற்சியை அல்ல, காயத்தின் உயரத்தை அளப்பதாகும். போட்டியாளர் குறைவாக இருக்கும் பிரிவைப் பல துண்டுகளாகப் பிரிக்க இயலாது என்பது உண்மைதான். தோள், நெஞ்சு, முதுகு, கைகள் ஆகியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் வைத்து வயிற்றை நீக்கிவிடுவது செலவில்லாத மாற்றம்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நாற்காலியை உருட்டுவது, கட்டிலுக்கும் காருக்கும் மாறுவது, அழுத்தத்தை நீக்க எழும்புவது என நாள் முழுவதும் உழைப்பது அதே தோள்பட்டைதான். உருட்டும் இயக்கம் நெஞ்சையும் முன்தோளையுமே வலுப்படுத்துவதால், படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸைக் குறைத்து, இழுக்கும் பயிற்சிகளை, அதாவது ரோயிங், புல்டவுன் போன்றவற்றை மிகுதியாகச் செய்ய வேண்டும். தோள் மூட்டுத் தசைநாண் கிழிந்தால் இவருக்குப் போட்டி மட்டும் போவதில்லை. குளியலறைக்குத் தானாகப் போகும் சுதந்திரமும் போகிறது.

போட்டி நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் முப்பதாம் பிரிவில் அவர்கள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்யும் கடமையை அரசின்மீது வைக்கிறது. மேடைக்குச் சாய்தளம் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் படுத்து அழுத்தம் நீக்க ஒரு கட்டில், கதீட்டர் வைக்கத் தூய்மையான கழிவறை, வியர்க்காத உடல் விளக்கு வெப்பத்தில் சூடேறாமலிருக்க மின்விசிறியும் ஈரத்துண்டும், குடிக்கத் தண்ணீர் ஆகியவை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். உள்ளூர்ப் போட்டிகளில் சிறப்புப் பிரிவு என்று பெயரிட்டு, எடைப்பிரிவுகள் எல்லாம் முடிந்து, பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் இவர்களை அழைப்பது வழக்கமாக இருக்கிறது. அதற்குள் அவர்கள் பன்னிரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். சக்கர நாற்காலிப் பிரிவை முற்பகலில், முதல் பிரிவாக நடத்தி முடித்து, பரிசையும் அப்போதே கொடுத்து அனுப்புங்கள்.

நன்றி. வணக்கம்.